கோபம் என்று நாங்கள் நினைத்தது

என் மாமனார் வீட்டுக்குள் வந்தால் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். “எங்க அவ?” செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார். அவ என்றால் என் மாமியார். அத்தை கையில் என்ன வேலை இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டுக் கூடத்தில் வந்து நிற்பார். மாமா ஒரு பார்வை பார்ப்பார். “ம்” என்பார். தண்ணீர் வேண்டும், சாப்பாடு வேண்டும் என்று எதுவும் கேட்க மாட்டார். திரும்பி டிராக்டர் நிற்கிற பக்கம் போய்விடுவார். அத்தையும் மாவுக் கையோடு அடுப்படிக்குத் திரும்புவார்.

கல்யாணமாகிக் காவாந்தண்டலத்துக்கு வந்த புதிதில் எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. நான் காஞ்சிபுரம் டவுனில் வளர்ந்தவள். எங்கள் அப்பா அம்மாவைத் தேடினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கண்ணாடி காணவில்லை, கரண்ட் பில் காணவில்லை என்று. இங்கே மாமா ஒரு மனுஷியிடம் நாளெல்லாம் ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தார். என்ன அதிகாரம் என்று உள்ளுக்குள் பொருமுவேன்.

ஆளும் அப்படித்தான் இருப்பார். பெரிய பெரிய கைகள், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். ஏரி மதகில் தண்ணீர்த் தகராறு என்றால் ஊரில் முதலில் அவரைத்தான் பேச அனுப்புவார்கள். இந்தக் கரையில் நின்று அவர் போடுகிற சத்தத்தில் அந்தக் கரையில் இருக்கிறவன் மண்வெட்டியைக் கீழே போடுவான். அந்தக் குரலில்தான் வீட்டிலும் “எங்க அவ?” என்று கேட்பார்.

வந்த சில நாளில் இன்னொன்றையும் கவனித்தேன். அத்தை குளிக்கும்போது வாளியின் கைப்பிடியை அவ்வப்போது தூக்கித் தூக்கிப் போடுவார். டங் டங் என்று சத்தம் வரும். வாளியில் ஏதாவது கோளாறா என்று கேட்டேன். “சத்தம் கேக்கலன்னா உங்க மாமா வந்து கதவத் தட்டுவாரு. குளிக்க முடியாது” என்றார் அத்தை, சாதாரணமாக. எனக்குக் கூசிப்போயிற்று. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணைக் குளியலறைக்குள்கூடக் காவல் காக்கிற மனிதன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மாமாவிடம் நெல் அறுக்கிற மெஷின் ஒன்று இருந்தது. இந்தப் பக்கம் மெஷின் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் சீசனில் தஞ்சாவூர்ப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மாதக்கணக்கில் அங்கேயே தங்கி, வயல் ஓரமாகவே சமைத்துச் சாப்பிட்டு, கை நிறையச் சம்பாதித்துக்கொண்டு வருவார்கள். மாமா ஒரே ஒரு தடவைதான் போனாராம். போன வேகத்தில், டிரைவரையும் மெஷினையும் அங்கேயே விட்டுவிட்டு, விடிவதற்குள் பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றாராம். கேட்டவர்களிடம், “அந்த ஊர் தண்ணி எனக்கு ஒத்துக்கல” என்றார். அதற்கப்புறம் அவருடைய மெஷின் காவாந்தண்டலத்தைச் சுற்றியே அறுத்துக்கொண்டிருந்தது. திமிர் பிடித்தவன், உள்ளூரில் ராஜா மாதிரி இருக்கப் பார்க்கிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மாமா அந்தப் பேச்சை மறுக்கவில்லை. திமிர் என்று சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அது அவருக்கு வசதியாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

காஞ்சிபுரத்தில் என் சித்தி மகள் கல்யாணம். மண்டபத்தில் பெண்கள் எல்லோரும் மணப்பெண் அறையில் பூ வைத்துக்கொண்டிருந்தோம். அத்தையும் எங்களோடு இருந்தார். மாமா வந்து அந்த அறை வாசலில் எட்டிப் பார்த்தார். புடவை மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார். அப்புறம் மறுபடியும் தட்டினார். என் சித்தி சிரித்துக்கொண்டே, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, “இன்னாடி, உங்க மாமனாருக்கு இன்னும் பால் மறக்கலியா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அத்தை பாதி வைத்த பூவோடு எழுந்தார். “சுகர் மாத்திர என்னாண்ட கீது, அதான் தேடிக்கினு வராரு” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. அத்தையிடம் இப்படிப் பல பொய்கள் தயாராக இருந்தன. பீரோ சாவி என்னிடம் இருக்கிறது, அவருக்குக் கண்ணில் மருந்து விடணும், இன்றைக்கு வீட்டுக்கு ஆள் வருகிறது. எங்கே போனாலும் பாதியில் எழுந்து வருவதற்கு ஒரு பொய்.

அத்தையின் பிறந்த ஊர் புள்ளலூர். பக்கம்தான். ஆனால் அங்கே அவர் போய் நான் பார்த்ததில்லை. அத்தையின் அம்மா கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாக இருந்த கதையை, காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் என்னிடம் சொன்னார். போய்க் கூட இருக்கலாம் என்று பையில் துணி எடுத்து வைத்தாராம். மாமாவுக்கு நெஞ்சு வலித்தது. உடம்பெல்லாம் வேர்வை, கை கால் நடுக்கம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி பையை எடுத்தார். மறுபடியும் அதே வலி, அதே வேர்வை. அதற்கப்புறம் அத்தை பையை எடுக்கவில்லை. அம்மா போன செய்தி வந்த பிறகுதான், மாமாவையும் கூட்டிக்கொண்டு, போனார்.

“உங்களுக்குக் கோபம் வரலியா அத்த?”

“வந்துச்சி. வராம இருக்குமா? யார்கிட்ட காட்டறது? பயந்துக்கினு கீற ஆள்கிட்ட கோபத்தக் காட்ட முடியுமா?”

“மாமா பயப்படறாரா?”

அத்தை சட்டென்று வாயை மூடிக்கொண்டார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட மாதிரி முகம் சிவந்துவிட்டது. “உன் வூட்டுக்காரன்கிட்ட இதெல்லாம் சொல்லிக்கினு இருக்காத” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பயம் என்ற அந்த வார்த்தையை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய உடம்போடும் அந்தக் குரலோடும் அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

என் பையனை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். உத்திரமேரூர் ரோட்டில் இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடம். வேன் வாசலுக்கே வரும். முதல் வாரம் அழுதான், சரி, எல்லாக் குழந்தையும்தான் அழும். மற்ற குழந்தைகள் அழுகையை நிறுத்திய பிறகும் இவன் நிறுத்தவில்லை. காலையில் நாஷ்டா தட்டைப் பார்த்ததும் வயிறு வலிக்கிறது என்பான். வேன் ஹாரன் கேட்டால் வாந்தி எடுப்பான். ஞாயிற்றுக்கிழமை அந்த வலி வராது. இரவில் என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவான். “நான் ஸ்கூல்ல இருக்கச்சொல்ல நீ செத்துப் போய்டுவியாம்மா?” என்று ஒரு நாள் கேட்டான். வேனில் உட்கார்ந்திருக்கிற குழந்தைகளும், அவர்களை ஏற்றிவிட வந்த தாய்மார்களும் என்னையே பார்ப்பார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று அந்தப் பார்வை சொல்லும். அவன் விரல்களை ஒவ்வொன்றாக என் இடுப்பிலிருந்து பிரித்து எடுக்கும்போது, இந்தப் பிள்ளை ஏன் இப்படி என் மானத்தை வாங்குகிறது என்றுதான் நினைப்பேன்.

ஒரு நாள் மாமா வந்து வேனிலிருந்து அவனைத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டார். “அழுவற புள்ளய எதுக்கு வண்டில ஏத்தறீங்க? படிச்சி கிழிச்சது போதும், வூட்ல இருக்கட்டும்!” என்று கத்தினார். என் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் தெருவிலேயே சண்டை. டிரைவர் பேஜாராகி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பையன் தாத்தா கழுத்தைக் கட்டிக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தான். மாமாவின் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. கோபத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தோம்.

வயிற்று வலிக்குப் பார்த்த டாக்டர்தான் எங்களை இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். குழந்தைகளின் மனசு சம்பந்தப்பட்டதைப் பார்க்கிறவர், சின்ன வயசுப் பெண். நானும் என் வீட்டுக்காரரும் பையனும் போனால் போதும். அத்தையும் வந்தார். அத்தை வந்ததால் மாமாவும் வந்தார்.

டாக்டர் பையனோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, வெளியே விளையாட அனுப்பினார். “வயித்துல ஒண்ணும் இல்ல. ஆனா அவன் பொய் சொல்லல, வலி நிஜம்தான்” என்றார். கைக்குழந்தைகள் அம்மாவைக் காணவில்லை என்றால் அழுவது இயல்பு, வளர வளரச் சரியாகிவிடும். ஆனால் இந்த வயசிலும் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், பிரிந்து போகிற நேரத்தில் மட்டும் உடம்புக்கு வந்தால், அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றே யோசித்துக்கொண்டிருந்தால், அது பிடிவாதம் இல்லை, பிரிவைப் பற்றிய பயம் என்று சொன்னார். என்ன செய்யணும் என்றும் சொன்னார். “தூங்கும்போது நைசா எழுந்து போயிடாதீங்க. முகத்தப் பாத்து சொல்லிட்டுப் போங்க. சொன்ன நேரத்துக்கு வந்துடுங்க. மொதல்ல கொஞ்ச நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அதிகமாக்குங்க. திட்டாதீங்க. கேலி பண்ணாதீங்க.”

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு, எல்லோரிடமும் கேட்கிற மாதிரிதான், அவர் கேட்டார். “பெரியவங்களுக்கும் இது இருக்கும். அவங்க அழ மாட்டாங்க. அடிக்கடி போன் பண்ணுவாங்க, எங்க போற எப்ப வருவன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க, கோபப்படுவாங்க. அவங்க ஆள் வெளியூர் கிளம்பினா நெஞ்சு வலிக்கும், மூச்சு முட்டும். உங்க குடும்பத்துல யாருக்காவது அப்படி இருக்கா?”

அத்தை தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தார். நான் மாமாவைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். அவர் முகம் காதுமடல் வரை கறுத்துச் சிவந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் உடுப்பிலேயே சிறுநீர் போய்விட்ட பையன் உட்கார்ந்திருப்பானே, அப்படித் தொடைகளை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். அத்தையைத் திரும்பிப் பார்க்காமல், கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அத்தை பக்கத்தில் போனார்.

“அந்தப் பொண்ணுக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க. பொதுவா கேட்டாங்க.”

“நீ சொல்லியிருப்ப.”

“நான் எதுக்கு சொல்றேன்? எனக்கு மட்டும் மானம் இல்லியா?”

“தூங்கச்சொல்ல போவக்கூடாதுன்னு சொல்லிச்சே” என்றார் மாமா, சுவரிடம் சொல்வது போல. “எங்கம்மா அப்படித்தான் போச்சி. பிரசவத்துக்கு. நான் எயுந்து பாக்கசொல்ல இல்ல. அப்புறம் வரவே இல்ல.” அத்தை அவர் கையைப் பிடித்தார். மாமா உதறிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அதைப் பற்றி அவர் அப்புறம் பேசியதே இல்லை. பெரியவர்களுக்கும் வைத்தியம் உண்டு, வரச் சொல்லுங்கள் என்று அந்த டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பேச்சை எடுக்க எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை.

பையனுக்கு டாக்டர் சொன்னபடியே செய்தோம். நான் பள்ளிக்கூட வாசல் வரை போய், சொல்லிவிட்டு வந்து, சொன்ன நேரத்துக்குப் போய் நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாக வயிற்று வலி குறைந்தது. நான் கவனிக்காமல் விட்டது, அத்தையும் அதையே செய்துகொண்டிருந்ததை. “கடைக்குப் போறேங்க, உடனே வந்துடுவேன்” என்பார். உடனே வருவார். “கோயிலுக்குப் போறேன், வெளக்கு வைக்கசொல்ல வந்துடுவேன்” என்பார். விளக்கு வைக்கும்போது வந்து நிற்பார். மாமா முறைப்பார், கத்துவார். அத்தை பதில் பேச மாட்டார். அடுத்த முறை இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வருவார்.

அந்தச் சமயத்தில் ஐயங்கார்குளத்தில் இருக்கிற அத்தையின் தங்கைக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. கூட இருந்து பார்க்க ஆள் இல்லை. மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை எதிரில் வந்து உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“நாளைக்கு என் தங்கச்சி வூட்டுக்குப் போறேன். ஞாயித்துக்கெயம வந்துடுவேன்.”

“யாரக் கேட்டு?”

“கேக்கல. சொல்றேன். சொல்லிட்டுத்தான் போறேன், சொன்ன நாளைக்கு வந்துடுவேன்.”

மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். காலையில் அத்தை பஸ் ஏறும்போது அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அன்றைக்கு வீட்டில் நானும் அவரும்தான். மத்தியானத்துக்குள் அவர் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. “எம்மா, அவளுக்கு ஒரு போன் போடு” என்றார். போட்டேன், அத்தை பேசினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி போடச் சொன்னார். அதற்கடுத்த தடவை அத்தை எடுக்கவில்லை. தங்கைக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்திருப்பார். “இன்னாவோ ஆயிடுச்சி. எதுவோ ஆயிடுச்சி” என்று கூடத்தில் நடந்தார். பிறகு, என் கல்யாணத்திலிருந்து அன்று வரை அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர், வந்து அடுப்படிக் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

“நீ எங்கயும் போவாதம்மா. நீ பாட்டுக்கு வேலயப் பாரு. நான் சும்மா இங்க குந்திக்கினு கீறேன்.”

அவர் முழங்கால்கள் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பார்க்கக்கூடாத கோலத்தில் பெரியவர் ஒருவரைப் பார்த்துவிட்ட மாதிரி உடம்பெல்லாம் கூசியது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். பையனிடம் சொல்கிற வார்த்தைகள் எல்லாம் எனக்குத் தெரியும். மாமனாரிடம் அதை எப்படிச் சொல்வது? தேவையே இல்லாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்திச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று பட்டது.

மறுநாள் சாப்பிட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. தெரிந்துதான் இருந்தது. இன்றைக்கு அத்தையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவார், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். பின்சீட்டு காலியாக இருந்தது. வாசல் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். நான் துண்டை நீட்டினேன்.

“ஐயங்கார்குளம் போனேன்” என்றார்.

“அத்த வரலியா மாமா?”

“நான் வூட்டாண்ட போவல. தெரு முனையில நின்னுட்டேன்.” துண்டை வாங்கிக்கொண்டார், ஆனால் துடைக்கவில்லை. “தங்கச்சிய நாற்காலில குந்த வச்சி, வாசல்ல நின்னு தல வாரிக்கினு இருந்தா. அது இன்னாவோ சொல்லுது, இவ சிரிக்கிறா. வாயத் தொறந்து, சத்தமா. நம்ம வூட்ல அவ அப்படி சிரிச்சி நான் பாத்ததே இல்லம்மா.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நான் அங்க போனத அவகிட்ட சொல்லாத. வெக்கமா கீது.”

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். மாமா டிராக்டருக்குக் கீழே எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்து, “இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வரதுதான?” என்றார். கைகளைத் துண்டுக்குள் மறைத்து வைத்திருந்தார். அத்தை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் துண்டையே பார்த்தார்.

அதற்கப்புறம் அத்தை அடிக்கடி போய்வர ஆரம்பித்தார். தங்கை வீடு, புள்ளலூர், ஒரு தடவை திருப்பதி. மாமா ஒரு முறைகூடத் தடுக்கவில்லை. பயம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அத்தை கிளம்புகிற அன்றைக்கெல்லாம் அவருக்கு வேர்த்தது. அடுப்படிக் கதவோரம் வந்து உட்காருவார். நானும் கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார். டீ போட்டுக் கையில் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

மாமா போன வருஷம் இறந்துபோனார். அத்தை பக்கத்தில்தான் இருந்தார்.

சில மாதம் கழித்து, மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது அத்தை சொன்னார், “அந்த டாக்டரம்மாவாலதான் உங்க மாமா என்னைய விட்டாரு. இல்லன்னா ஜென்மத்துக்கும் விட்டிருக்க மாட்டாரு.” ஆளே போன பிறகு இனி என்ன என்று நினைத்து, அவர் ஐயங்கார்குளம் போய்த் தெரு முனையில் நின்றதை, பார்த்ததை, திரும்பி வந்ததை அப்படியே சொன்னேன்.

அத்தையின் கை நின்றது.

“தெரியும்” என்றார்.

“எப்படி அத்த?”

“அந்த வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? தெரு முனையில வந்து நின்னுச்சி. ஆஃப் பண்ணவே இல்ல. அதக் கேட்டதுமே எனக்கு சிரிப்பு போயிடுச்சி. ஆனா நிறுத்தல. திரும்பி அவரு மொகத்த ஒரு தடவ பாத்திருந்தா அப்பவே பைய எடுத்துக்கினு வண்டில ஏறியிருப்பேன். அதான் திரும்பல. என் தங்கச்சிகூட, போதும்டி, எதுக்கு இப்படி சிரிக்கிறன்னு கேட்டுச்சி.” குரல் இறங்கியது. “வண்டி கெளம்பிப் போற வரைக்கும் சிரிச்சிக்கினே இருந்தேம்மா. பொய்யா.”

பிறகு என் முகத்தைப் பார்க்காமல், முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஏற்கெனவே உரித்துப்போட்ட தோலுக்குள் விரலை விட்டு, விட்டுப்போன பருப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.